சிலிக்கனும் கல்லியம் ஆசனைட்டும்: கணனி வரலாறு தரும் ஒரு படிப்பினை

உயர்வேகக் கணனிகளுக்குச் சிலிக்கனிலும் விரைவான குறைகடத்திகள் உளவா என்னும் வினாவுக்கு, உள என்பதே விடை. ஆயினும் அவை சிலிக்கனை அகற்றவில்லை. அதற்கான காரணங்களை நாம் இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

1947இல் பெல் ஆய்வுகூடத்தில் உருவான முதலாவது திரான்சிற்றர் ஜேர்மானியத்தால் ஆனது. ஜேர்மானியத்தில் இலத்திரன்கள் சிலிக்கனிலும் விரைந்து இயங்கும். எனினும் வெப்பம் ஏற மின்கசிவு மிகும். சிலிக்கன் கூடிய வெப்பத்தைத் தாங்கியது. அதனினும் முக்கியமாக, ஒட்சிசனில் சூடாக்கப்படுகையில் அதன் மேற்பரப்பில் உறுதியான ஈரொட்சைட்டுப் படலம் தோன்றியது. சிறந்த காவலியாகிய இப்படலத்தின் துணைகொண்டே ஒருங்கிணைந்த சுற்றுக்கள் பெருகின.

கல்லியம் ஆசனைட்டில், தூய நிலையில், இலத்திரன்களின் இயங்குதிறன் சிலிக்கனிலுள்ளதைப் போல் ஏறத்தாழ 6 மடங்காகும். இதனை நம்பியே அமெரிக்கப் பொறியியலாளர் சேமோர் கிறே தமது கிறே-3 கணனியை அமைத்தார். 1993இல் கொலராடோவிலுள்ள வளிமண்டல ஆய்வு நிலையமொன்றில் அது நிறுவப்பட்டது. ஆனால் 1995இல் அவரது நிறுவனம் முறிவடைந்தது. கெடுபிடிப் போர் முடிந்து பாதுகாப்புத்துறைக் கேள்வி குறைந்தமையும், மலிவான சிலிக்கன் செயலிகளைப் பெருந்தொகையாக இணைக்கும் கணனிகள் எழுந்தமையும் இதற்குத் துணைபோயின. எனினும் பொருளின் குறைகளும் உண்டு. அதற்குச் சிலிக்கனுக்குள்ளதையொத்த ஒட்சைட்டு இல்லை. அதில் நேரேற்றக் காவிகளாகிய துளைகள் மெதுவாகவே இயங்குவதால், இருவகைக் காவிகளையும் பயன்படுத்தி மின்வலுவைச் சிக்கனப்படுத்தும் சுற்றுக்களுக்கு அது பொருந்தவில்லை. அதன் தகடுகளும் எளிதில் உடைவன.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கின்றோம். 2007இல் இன்ரெல் நிறுவனம், மிக மெல்லியதாகிக் கசியத் தொடங்கிய அவ்வீரொட்சைட்டுக்குப் பதிலாக, ஹஃப்னியம் சார்ந்த காவலியைப் புகுத்தியது. சிலிக்கனுக்கு முதன்மை தந்த இயற்கைச் சிறப்பு பெரிதும் பயனிழந்தது, முதன்மையோ அழியவில்லை. அரை நூற்றாண்டு உழைப்பில் திரண்ட தொழிற்சாலைகளும் கருவிகளும் தேர்ச்சியுமே அதனைத் தாங்கின. கைவிடப்பட்ட ஜேர்மானியமும் சிலிக்கனின் எதிரியாக அன்றி, அதனோடு கலந்த துணைப்பொருளாகவே மீண்டது. கல்லியம் ஆசனைட்டு, கைத்தொலைபேசிகளின் வானொலி அலைப் பெருக்கிகளிலும் லேசர்களிலும் தனக்குரிய இடத்தைப் பெற்றது.

பொருளின் இயல்பு வாய்ப்பையே அளிக்கின்றது. அவ்வாய்ப்பு நிறைவேறுவதை உற்பத்தி நிலைமைகள் தீர்மானிக்கின்றன. ஆகவே, காபன் நுண்குழாய் முதலிய புதிய பொருள்கள் பற்றிக் கேள்வியுறும்போது, ‘எவ்வளவு விரைவு?’ என்பதோடு நாம் அமைதல் தகாது. கோடிக்கணக்கில் ஒரேதன்மையாக ஆக்க இயலுமா, அதற்கான உற்பத்திச் சாதனங்கள் எவர் கையில் உள்ளன என்பனவும் விஞ்ஞான ஆய்வுக்குரிய வினாக்களே.