டவர் பார்: எஃகா, அலுமினியமா, கார்பன் இழையா?

ஸ்ட்ரட் டவர் பிரேஸ் என்பது, முன்சக்கரங்களின் சஸ்பென்ஷன் மேலே காரின் உடலோடு சேரும் இரண்டு இடங்களை எஞ்சினுக்குக் குறுக்கே இணைக்கும் தண்டு. பேச்சு வழக்கில் டவர் பார் அல்லது ஸ்ட்ரட் பார். சில கார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. பெரும்பாலும் வாங்கியவர்கள் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் இது எஃகு, அலுமினியம், கார்பன் இழை என்று பல விலைகளில் கிடைக்கிறது. விலை ஏற ஏறப் பயனும் ஏறும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. தண்டு செய்யும் வேலையைக் கவனித்தால் அந்த நம்பிக்கை பாதி கரைந்துவிடும்.

இன்றைய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றின் முன்புறம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய இது, 1950களில் ஃபோர்டு கார்கள் வழியாகப் பரவியது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே காலாக நிற்கும். காலின் அடியைக் கீழ்க்கை ஒன்று பிடித்திருக்கும். மேல்முனையைப் பிடிக்கத் தனிக் கை கிடையாது. அது நேராக டவர் எனப்படும் தகட்டு மேட்டில் போல்ட் போடப்பட்டிருக்கும். ஆகவே வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தில் விழும் பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு டவரையும் தள்ளுகிறது. டவர் கொஞ்சம் சாய்ந்தால் சக்கரத்தின் சாய்வுக் கோணமும் மாறும். ஒரு டவர் மட்டும் தனியாக அசையாதபடி இரண்டையும் கட்டிவைப்பதே பிரேஸின் வேலை. மேலும் கீழும் தனித்தனிக் கைகள் உள்ள டபுள் விஷ்போன் கார்களில் டவருக்கு வரும் பக்கவாட்டுச் சுமை குறைவு. அங்கே இந்தத் தண்டுக்கு வேலையும் குறைவு.

இதற்குத் தேவையான குணம் விறைப்பு, வலிமை அல்ல. எவ்வளவு விசையில் உடையும் அல்லது நிரந்தரமாக வளையும் என்பது வலிமை. குறிப்பிட்ட விசைக்கு எவ்வளவு நீளும், எவ்வளவு சுருங்கும் என்பது விறைப்பு. உலோகத்தின் விறைப்பை யங் குணகம் காட்டுகிறது. எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியத்துக்கு 110 சொச்சம், அலுமினியத்துக்கு 70. சாதாரண எஃகானாலும் விலையுயர்ந்த குரோமோலி எஃகானாலும் இந்த எண் ஏறக்குறைய ஒன்றுதான். குரோமோலி என்று பெரிதாக எழுதி விற்கப்படும் நேரான தண்டு, அதே அளவுள்ள சாதாரண எஃகுக் குழாயைவிடத் துளியும் விறைப்பானது அல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர்த் தடிப்பு 2 மி.மீ., நீளம் ஒரு மீட்டர் உள்ள எஃகுக் குழாயின் எடை சுமார் 1.1 கிலோ. ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமான 5000 நியூட்டன் விசையில் இழுத்தால் அது 0.17 மி.மீ. நீளும். அதே அளவு அலுமினியக் குழாய் 0.4 கிலோவுக்கும் குறைவான எடையோடு அரை மி.மீ. அளவுக்கு நீளும். எடை மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இது தற்செயல் அல்ல. விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் எஃகு, அலுமினியம், டைட்டானியம், மக்னீசியம் நான்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கும். நேராக இழுபட்டும் அமுக்கப்பட்டும் மட்டுமே வேலை செய்யும் தண்டில், ஒரே எடைக்கு எல்லா உலோகங்களும் ஒரே பலனைத்தான் தரும். அப்படியானால் மலிவான எஃகே போதும்.

சிக்கல் என்னவென்றால், தண்டு எப்போதும் நேராக இருப்பதில்லை. எஞ்சின் மூடி, ஏர் ஃபில்டர் குழாய், பானெட்டின் உட்புறம் என ஏதோ ஒன்றுக்கு இடம்விட்டு அதை வளைக்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன எஃகுக் குழாயையே விசைக்கோட்டிலிருந்து 50 மி.மீ. உயர்த்தி வளைத்து, முனைகள் சுழலும்படி விட்டால், அதே 5000 நியூட்டனுக்கு முனைகள் 6 மி.மீ.க்கு மேல் நகரும். நேரான தண்டைப்போலச் சுமார் நாற்பது மடங்கு. உலோகத்தை மாற்றி ஈடுகட்ட முடியாத இழப்பு இது. இப்போது தண்டுக்குள் எழும் வளைவுத் தகைவும் சாதாரண எஃகின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. குரோமோலி தன் விலைக்குப் பதில் சொல்வது இந்த இடத்தில்தான்: அது உருக்குலையாமல் திரும்பி வரும். வளைவதென்னவோ அதே அளவு வளையும்.

வளைவைத் தாங்குவதில் அலுமினியத்துக்கு ஒரு சாதகம் உண்டு. எடை குறைவு என்பதால் குழாயைப் பருமனாகச் செய்யலாம். வெளிவிட்டம் 40 மி.மீ., தடிப்பு 3.6 மி.மீ. உள்ள அலுமினியக் குழாயின் எடை முந்தைய எஃகுக் குழாயின் எடைதான். நேர் இழுவையிலும் இரண்டும் சமம். வளைவு விறைப்பில் மட்டும் அலுமினியம் சுமார் இரண்டரை மடங்கு. பருமனான குழாய்க்குப் பானெட்டின் கீழ் இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மெல்லிய அலுமினியத் தண்டை எடைக் குறைவுக்காக வாங்குவதில் பொருளில்லை. வெல்டிங் இன்னொரு சிக்கல். 6061 போன்ற அலுமினியக் கலவையை வெல்டிங் செய்தால், மறுபடி வெப்பப் பதம் செய்யாதவரை இணைப்பை ஒட்டிய பகுதியின் வலிமை பெரிதும் குறைந்துவிடும். டைட்டானியத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இந்த வேலைக்கு அதன் விலை நியாயமாகாது.

ஒரே எடைக்கு ஒரே விறைப்பு என்ற அந்தக் கணக்கிலிருந்து உண்மையாகவே விலகி நிற்பது கார்பன் இழை. இழைகள் எல்லாம் தண்டின் நீளவாக்கில் ஓடினால், எடைக்கு எடை உலோகங்களைப்போல மூன்று மடங்கு விறைப்பு கிடைக்கும். 2014இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3, எம்4 கார்களின் முன்புறக் கார்பன் பிரேஸ் எடை வெறும் 1.5 கிலோ. ஆனால் கட்டம்போட்ட நெசவுத் துணியாக அடுக்கினால் பாதி இழைகள் குறுக்கே போய்விடும். நீளவாக்கு விறைப்பு அலுமினியத்தின் அளவுக்கு இறங்கிவிடும். கண்ணுக்கு அழகு அந்த நெசவு, வேலைக்கு உகந்தது ஒரே திசை இழை. மலிவான சில தண்டுகளில் கார்பன் வெறும் மேல்தோல்தான். உள்ளே இருப்பது அலுமினியக் குழாய்.

எந்தப் பொருளாக இருந்தாலும் பலனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முனைகள். தண்டை ஒற்றை போல்ட்டில் கீல்போல மாட்டியிருந்தால் அது இழுவிசையையும் அமுக்கத்தையும் மட்டுமே கடத்தும். வளைந்த தண்டுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. தண்டும் முனைத்தகடும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தால் வளைவும் குறையும். முனைத்தகடு மெலிதாக இருந்தால் தண்டுக்கு முன்னால் தகடே மடங்கும். துளைகள் தளர்வாக இருந்தால், டவர் அந்த இடைவெளி அளவுக்கு அசைந்த பிறகே தண்டு வேலையைத் தொடங்கும். கால் மி.மீ. தளர்வே எஃகுத் தண்டின் மொத்த நீட்சியைவிட அதிகம்.

எஞ்சின் அறையின் சூடும் ஈரமும் மிச்சம். ஒரே வெப்ப உயர்வுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பதால், சூடேறிய அலுமினியத் தண்டு எஃகு உடலை லேசாக வெளியே தள்ளும். கார்பனைப் பிணைக்கும் எப்பாக்சி, டர்போ அல்லது எக்ஸாஸ்ட் அருகே மாட்டினால் இளகக்கூடும். எஃகுக்குத் துரு ஏறாமல் பவுடர் பூச்சு போதும். கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டு, இடையே ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் மின்வேதி அரிப்புக்கு உள்ளாகும். அதனால் நல்ல தயாரிப்புகளில் கார்பன் குழாயும் அலுமினிய முனையும் சேரும் இடத்தில் கண்ணாடி இழை அடுக்கு ஒன்றை வைத்தே ஒட்டுகிறார்கள்.