நரம்புறை நோய்க்கு ஆண்டுக்கணக்கில் ஆன்டிபயாடிக் உண்ணலாமா?

வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் பெயர் அண்மைக் காலத்தில்தான் காதில் விழத் தொடங்கியிருக்கிறது. எமக்குத் தெரிந்த குடும்பமொன்றில், இருபத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவருக்கு இந்நோய் என்று மருத்துவர் கூறியதும், 'ஆன்டிபயாடிக் மாத்திரையை ஈராண்டு விடாது உண்டால் குணமாகும்' என்று ஓர் உறவினர் வந்து சொன்னார். மாத்திரை மலிவு; மருத்துவமனை மருந்தோ விலை மிகுந்தது. வீட்டார் மனம் எப்பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ? ஆதலின் இதனை விரித்தெழுதத் துணிந்தேன். யான் மருத்துவன் அல்லேன். இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். அச்சிடப்பட்ட ஆய்வுகளில் உள்ளதையே இங்குக் கூறுகிறேன்.

மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல் மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளுக்கும் ஓர் உறையுண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே அவ்வுறையை அரித்துவிடுவதுதான் இந்நோய். பார்வை மங்கும், கால் மரக்கும், நடை தள்ளாடும். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரை, அவர்களுள்ளும் பெண்களையே மிகுதியாகப் பற்றும்.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தாயிற்றே, அது இங்கு எவ்வாறு வந்தது? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சுப்பிரமணியம் ஸ்ரீராம் என்னும் நரம்பியல் அறிஞரும் அவருடைய தோழர்களும், இந்நோயாளர் பலரின் தண்டுவட நீரில் 'கிளமிடியா நிமோனியே' என்னும் கிருமியின் தடயம் இருப்பதாக 1999-ல் எழுதினர். பிற ஆய்வுக்கூடங்கள் பல தேடியும் அதே முடிவு கிட்டவில்லை. ஸ்ரீராம் குழுவினரே ரிஃபாம்பிசினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2005-ல் முடிவை வெளியிட்டனர். மூளையின் சுருக்கம் சற்றுக் குறைந்ததாகக் கண்டனர். ஆயினும் முதன்மையாக எதிர்பார்த்தது, அதாவது புதிய புண்கள் குறைவது, நிகழவில்லை. தம் கருத்துக்கு மாறானதையும் மறையாது எழுதிய அந்நேர்மை பாராட்டத்தக்கது.

இங்கு ஒன்று கருதவேண்டும். இந்நோய் பெரும்பாலாரிடம் வந்து வந்து தணியும் இயல்புடையது. தணியும் வேளையில் எதை உண்டிருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஆகவே நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது. நம் சென்னையில் 1956-ல் அமைந்த காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்பதும் ஆரோக்கிய நிலையத்தில் தங்கி உண்பதும் ஏறத்தாழ ஒரே பயன் தரும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது இவ்வழியேதான்.

அத்தகைய ஒப்பீட்டில் ஓரளவு நற்பெயர் பெற்றது மினோசைக்ளின் ஒன்றே. கனடாவில் முதல் தாக்குதல் கண்ட 142 பேரிடம் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில், வெறும் மாத்திரை உண்டவருள் நூற்றுக்கு 61 பேருக்கு நோய் உறுதிப்பட்டது. மினோசைக்ளின் உண்டவருள் நூற்றுக்கு 33 பேருக்கே உறுதிப்பட்டது. ஆனால் இருபத்து நான்கு மாதம் கழித்துப் பார்க்கையில் அவ்வேறுபாடு நிலைபெறவில்லை. தொடக்கத்தில் கிடைத்த பயனும் கிருமியைக் கொன்றதால் அன்று, அழற்சியைத் தணித்ததால் என்றே கருதப்படுகிறது. 'ஈராண்டு உண்டால் குணம்' என்போர் இவ்விரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

பக்கவிளைவுகளையும் ஒப்பிடுக. மினோசைக்ளின் தலைச்சுற்றலும் தோல் கருமையும் தரும். கருவுற்ற பெண்டிருக்கு ஆகாது. டாக்சிசைக்ளினை எலிக்காய்ச்சல் காலத்தில் கேரள மக்கள் நன்கறிவர். வெயில் பட்டால் தோல் எரியும். அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். ரிஃபாம்பிசினோ காசநோய்க்கு நம் நாட்டின் தலையாய படைக்கலம். அதனைத் தேவையின்றி நெடுநாள் உண்பவர் உடலில் காசநோய்க் கிருமி ஒளிந்திருப்பின், அது மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்; அத்தீங்கு அவரோடு நில்லாது, அவர் இருமும் வீடெங்கும் பரவும். கருத்தடை மாத்திரையின் வலியையும் இது குறைத்துவிடும். மெட்ரோனிடசோலை மாதக்கணக்கில் உண்டால் கைகால் மரத்துப்போகும். இந்நோயின் அடையாளமும் அதுவே! மரப்பு நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று எவர் பிரித்தறிவார்?

இந்நோய்க்கு வித்தாவது 'எப்ஸ்டைன்-பார்' என்னும் வைரஸ் என்பதற்கு வலுவான சான்று 2022-ல் அமெரிக்கப் படையினரின் இரத்த ஆய்விலிருந்து கிடைத்தது. வைரஸை எந்த ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளே புதிய தாக்குதல்களைக் குறைப்பனவாகக் கண்டறியப்பட்டுள்ளன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் நரம்பியல் பிரிவு நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் இந்நோயாளருக்கு அறவே விலக்கு என்று எண்ணிவிடலாகாது. சிறுநீர்ப்பாதையில் கிருமி தொற்றிக் காய்ச்சல் கண்டால் கால் தளர்ச்சியும் பார்வை மங்கலும் திடீரென மிகும். புதிய தாக்குதல் என்று வீட்டார் அஞ்சுவர். அப்போது சிறுநீரைச் சோதித்து, மருத்துவர் குறித்த மருந்தைக் குறித்த நாள் மட்டும் உண்டு முடித்தால், மிகுந்த தளர்ச்சி பெரும்பாலும் தொற்றோடு நீங்கிவிடும்.