காத்திருக்கும் கண்

இறுதி நாட்களிலுள்ள ஒரு துறவியைப் படம் எடுப்பது தகுமா? ஜவ்வாது மலைக்குத் தெற்கே, திருவண்ணாமலையில், 1950ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இவ்வினா எழுந்திருத்தல் கூடும். ரமண மகரிஷி கொடிய நோயுற்றிருந்த அந்நாட்களில், பிரெஞ்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் அங்குத் தங்கி அவரைப் படம் எடுத்தார்.

இவர் இளமையில் ஓவியம் பயின்றவர். கையில் வைத்திருந்தது லைக்கா என்னும் சிறிய காமிரா. அதன் பளபளப்பான பாகங்களைக் கறுப்பாக்கி மறைத்துக் கொள்வார். செயற்கை ஒளியைப் பாய்ச்சார். எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னர் வெட்டவும் விரும்பார். எடுப்பவன் தன்னை முன்னிறுத்தினால், எதிரிலுள்ளவரின் இயல்பு ஒளிந்துகொள்ளும் அன்றோ? ஆதலின் தம்மை ஒடுக்கிக்கொண்டு, வடிவமும் பொருளும் ஒருங்கே கூடும் நொடிக்காகக் காத்திருப்பார்.

ஜப்பானிய ஜென் வில்வித்தையைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் ஹெரிகெல் எழுதிய நூல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 'நான்' அடங்கிய பின்னரே அம்பு தானாக விடுபடும் என்பது அதன் சாரம். 'நான் யார்?' என்று வினவி அகந்தையின் வேரைத் தேடச் சொன்ன மகரிஷியின் நெறிக்கும் இது அயலானதன்று.

ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47க்கு மகரிஷி மறைந்தார். அவ்வேளையில் ஒளிமிக்க எரிமீன் ஒன்று மெல்ல ஊர்ந்து அருணாசலத்தின் பின்னே மறையக் கண்டதாகக் கார்த்தியே பிரெஸ்ஸோன் கூறினார். அக்காட்சியை நாம் அவருடைய சொற்களாலும் அறிகின்றோம்.

இன்று கைப்பேசிதோறும் காமிரா உண்டு. நோயுற்ற பெரியோர் முன்னிலும் அதனை நீட்டுகின்றோம். பொத்தானை அழுத்துமுன், அங்கே நிற்பது பணிவா, ஆவலா என நம்மை நாமே வினவுவோமாக. தகுமா என்பதற்கு விடை அங்கேதான் உள்ளது.