மரு, பாலுண்ணி, கொழுப்புக் கட்டி: பயமும் வேண்டாம், எருக்கம்பாலும் வேண்டாம்

"கழுத்துல சின்னச் சின்னதா மரு வந்திருக்கு. எருக்கம்பால் வெச்சா உதிர்ந்துடுமா?" தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையானாலும் சென்னையானாலும் பலரும் கேட்கும் கேள்வி இது. பதில்: வைக்கவே கூடாது. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே பாதிக்கப்படலாம். சுண்ணாம்பு, ஆசிட், முந்திரி ஓட்டு எண்ணெய் ஆகியவையும் ஆபத்தானவையே. தலைமுடியால் இறுக்கிக் கட்டினாலோ பிளேடால் அறுத்தாலோ சீழ் பிடிக்கும்.

தோலில் வரும் சின்னச் சின்ன வளர்ச்சிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எது என்னவென்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எது என்ன?

தொங்கும் மரு: கழுத்து, அக்குள், இமை ஆகிய இடங்களில் மெல்லிய காம்போடு தொங்கும். மிருதுவாக இருக்கும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

சொரசொரப்பான மரு: கை விரல்களிலும் பாதத்திலும் வரும். இதற்குக் காரணம் வைரஸ். கிள்ளினாலோ மேலே சவரம் செய்தாலோ பக்கத்துத் தோலுக்கும் பரவும்.

பாலுண்ணி: குழந்தைகளுக்கு அதிகம். முத்துப் போலப் பளபளப்பாகவும், நடுவில் சிறு குழியோடும் இருக்கும். இதுவும் வைரஸால் வருவதே. துண்டைப் பகிர வேண்டாம்.

கொழுப்புக் கட்டி: தோலுக்கு அடியில் மெத்தென்று இருக்கும். விரலால் தள்ளினால் நகரும். பொதுவாக வலிக்காது.

கால் ஆணி: இது மரு அல்ல. ஒரே இடத்தில் தொடர்ந்து அழுத்தம் விழுவதால் தோல் தடித்துப்போவது. செருப்பை மாற்றினாலே பலருக்குக் குறையும்.

குழந்தைகளுக்கு வரும் மருவும் பாலுண்ணியும் பல நேரங்களில் மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ தானாகவே மறைந்துவிடும். மரு உதிர வேண்டி வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டுதல் உங்கள் நம்பிக்கை. அதோடு டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

• மச்சமோ கட்டியோ வேகமாக வளர்ந்தால்
• நிறமோ ஓரமோ மாறினால்
• ரத்தம் கசிந்தால், புண் ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால்
• உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாகக் கறுப்புத் தடம் தெரிந்தால்
• கட்டி கெட்டியாகி, நகராமல், வலித்தால்

வெறுங்காலோடு காட்டுக்கும் மேட்டுக்கும் போகிறவர்கள் வாரம் ஒருமுறை உள்ளங்காலைப் பாருங்கள். 'முள் குத்தின தழும்பு' என்று விட்டுவிடாதீர்கள். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் அது தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

எங்கே போகணும்?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். தேவைப்பட்டால் அரூர் அரசு மருத்துவமனைக்கோ, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ அனுப்புவார்கள். உறைய வைப்பது, மின்சூட்டால் எரிப்பது, மரத்துப்போகும் ஊசி போட்டு அகற்றுவது என வளர்ச்சிக்கு ஏற்ற முறையை டாக்டர் முடிவு செய்வார். தொந்தரவு தராத தொங்கும் மருவையும் கொழுப்புக் கட்டியையும் அப்படியே விட்டுவிடலாம். போகும் முன் சந்தேகம் இருந்தால் 104 எண்ணில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று

கழுத்தில் தொங்கும் மரு நிறைய வந்து, பின்கழுத்தும் கறுத்துத் தடித்திருக்கிறதா? அழுக்கு என்று தேய்க்காதீர்கள். அது சர்க்கரை நோய்க்கான முன்னறிவிப்பாக இருக்கலாம். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அடுத்த முறை வரும்போது கையை நீட்டுங்கள், கழுத்தையும் காட்டுங்கள். மருவைவிட, அது சொல்ல வரும் சேதிதான் முக்கியம்.