பெயருக்கு முன்னால் ஏன் '@'? கடைக் கணக்கிலிருந்து வாட்ஸ்அப்புக்கு வந்த குறி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முப்பது பேர். "நாளைக்கு யாரு ஸ்டேஷனுக்கு வர்றீங்க?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதையே '@' போட்டு மாமாவைக் குறிப்பிட்டுக் கேட்டால், குழுவை மியூட் செய்திருக்கும் மாமாவின் போனுக்கும் தகவல் போய்விடும். 'உங்களைத்தான் கேக்குறேன்' என்று ஆளைத் தொட்டுக் கூப்பிடும் இந்த வேலை '@'க்கு எப்படி வந்தது?

அதன் பழைய உத்தியோகம் வியாபாரம். 1536இல் ஸ்பெயினின் செவில் நகரிலிருந்து பிரான்செஸ்கோ லாப்பி என்ற வணிகர் எழுதிய கடிதத்தில், ஒயின் அளவைக் குறிக்க இது வருகிறது. பிறகு ஆங்கிலக் கணக்கு ஏடுகளில் 'இன்ன விலை வீதம்' என்பதற்கான சுருக்கமானது. இமெயில் முகவரி சொல்லும்போது நம்மூரில் 'அட் தி ரேட்' என்கிறோமே, அது அந்தக் கணக்குப்பிள்ளை காலத்து மிச்சம்தான்.

1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பும் நிரலை எழுதினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க, பெயர்களில் வராத ஒரு குறி வேண்டும். விசைப்பலகையில் சும்மா கிடந்த '@'ஐ எடுத்துக்கொண்டார். (மல்டிக்ஸ் என்ற வேறொரு கணினி அமைப்பில் அதைத் தட்டினால் அடித்த வரி முழுக்க அழிந்துவிடும். அங்கிருந்தவர்கள் பாடு திண்டாட்டமானது.)

ஆனால் இமெயிலில் '@' சொன்னது இடத்தை மட்டுமே: இன்னார், இன்ன கணினியில். ஆளைக் கூப்பிடும் வேலை அப்போது இல்லை. 1988இல் பின்லாந்தில் பிறந்த ஐஆர்சி அரட்டையிலும், பெயரை எழுதி முக்காற்புள்ளி வைத்துத்தான் கூப்பிட்டார்கள். அங்கே பெயருக்கு முன்னால் '@' இருந்தால் அவர் அந்த அறையின் நிர்வாகி என்று அர்த்தம்!

திருப்பம் 2006இல். புதிதாக வந்த ட்விட்டரில் பதில் சொல்ல பட்டனே கிடையாது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே புரியாத சந்தைக்கடை. அந்த ஆண்டு நவம்பரிலேயே சிலர் பெயருக்கு முன்னால் '@' போட ஆரம்பித்தார்கள். நிறுவனம் சொல்லிக்கொடுத்தது அல்ல, பயன்படுத்தியவர்களின் கைவேலை. அது பரவிய பிறகே, 2007இல் ட்விட்டர் அதைத் தன் அமைப்பில் சேர்த்துக்கொண்டது. சேர்த்த கையோடு கட்டுப்பாடும் வந்தது. அடுத்தவர்களுக்கு எழுதப்படும் பதில்கள் எல்லாவற்றையும் பார்க்கும் வசதியை 2009 மே மாதம் நிறுவனம் எடுத்தபோது பயனர்கள் கொதித்தார்கள். பதிலை எல்லோரும் பார்க்கட்டும் என்று '@'க்கு முன்னால் ஒரு புள்ளி வைக்கும் தந்திரமும் பரவியது.

இந்தக் குறியின் பலத்தை நம் நாட்டு ரயில்களில் பார்த்தோம். சுரேஷ் பிரபு ரயில்வே அமைச்சராக இருந்தபோது, ஓடும் ரயிலிலிருந்து அமைச்சரைக் குறிப்பிட்டு எழுதியவர்களுக்குக் குழந்தைக்குப் பாலும் மருத்துவ உதவியும் வந்து சேர்ந்தன. அதே குறிதான், முகம் தெரியாத ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டித் திட்டவும் வழிசெய்தது. வேண்டாத உரையாடலிலிருந்து தன் பெயரைக் கழற்றிக்கொள்ளும் வசதியை ட்விட்டர் எல்லோருக்கும் கொடுத்தது 2022 ஜூலையில்தான். ரொம்பத் தாமதம்.

வாட்ஸ்அப் குழுக்களுக்கு '@' வந்தது 2016இல். அதில் ஒரு வேடிக்கை உண்டு. நீங்கள் குறிப்பிடும் பெயர், படிப்பவர் தன் போனில் எப்படிச் சேமித்திருக்கிறாரோ அப்படித்தான் அவருக்குத் தெரியும். நீங்கள் 'மாமா' என்று கூப்பிட்டவர், உங்கள் அம்மாவின் திரையில் 'தம்பி'யாக வந்து நிற்பார்.