வாழைப்பழச் சம்பளம்

“ஒரு வார்த்தையாவது புரிகிறதா உனக்கு?”

நான் கொரியாப் பாட்டு வைத்தால் போதும், என் வீட்டுக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்.

“ஏன் புரியாமல்? அப்பா புரிகிறது, அம்மா புரிகிறது” என்பேன். வேடிக்கை அல்ல. கொரியக் குழந்தைகள் தகப்பனாரை ‘அப்பா’ என்றும், தாயாரை ஏறக்குறைய ‘ஒம்மா’ என்றும்தான் அழைக்கின்றன. இதைச் சாக்கிட்டு உறவு கொண்டாடப் பண்டிதர்கள் சம்மதிப்பதில்லை. போகட்டும்.

இந்தப் பித்து எனக்கு 2020-இல் பிடித்தது. கொரோனாவுக்குப் பயந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்கள். பி.டி.எஸ். என்ற ஏழு பையன்களின் பாட்டை என் பெண் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயம் பூசிய அவர்கள் கிராப்பைக் கேலி செய்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், குழம்பைக் கிளறிக்கொண்டே நானே அதை முணுமுணுக்கிறேன்! அவர்களுடைய ‘டைனமைட்’ அந்த ஆகஸ்டில் வந்த இங்கிலீஷ் பாட்டு. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. நவம்பரில் வந்த ‘லைஃப் கோஸ் ஆன்’ பெரும்பாலும் கொரிய மொழியில், அதற்கும் முதலிடம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி அல்ல. இவர்களுடைய பாட்டி காலத்துப் பெண்கள் மூவரைப் பற்றி.

லீ நான் யோங் என்று ஒரு பாடகி. கொரியா ஜப்பானியர் ஆட்சியில் இருந்த 1935-இல் ‘மொக்போவின் கண்ணீர்’ என்ற பாட்டைப் பாடி நாட்டையே உருக்கியவர். கணவர் கிம் ஹே சோங் பெயர் பெற்ற இசையமைப்பாளர். 1950-இல் யுத்தம் மூண்டது. வடகொரியப் படையினர் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வீடு திரும்பவே இல்லை. வீடு நிறையக் குழந்தைகள். அடுப்பில் வைக்க அரிசி இல்லை.

அமெரிக்கச் சிப்பாய்களின் முகாமில் பாடினால் ஏதாவது கிடைக்கும். அவர்களுக்கோ இங்கிலீஷ் பாட்டுத்தான் வேண்டும். தாய்க்கும் அந்தப் பாஷை வராது, பெண்களுக்கும் வராது. அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? கள்ளச்சந்தையில் இசைத்தட்டுகளை வாங்கி வந்து, அர்த்தம் தெரியாமலே, காதில் விழுந்த ஒலியை அப்படியே பிடித்துப் பாடம் பண்ணி வைத்தார். நன்றாகப் பாடினால் ஒரு வாழைப்பழம் பரிசு. நமக்கு வாழைப்பழம் பிரமாதமில்லை; யுத்த காலத்துக் கொரியாவில் அது கிடைத்தற்கரிய வஸ்து! சிப்பாய்கள் விஸ்கிப் புட்டிகளைக் கொடுப்பார்கள். அதைக் கொடுத்துச் சாப்பாட்டுச் சாமான் வாங்குவார்கள்.

சூ, அய்ஜா இருவரும் மகள்கள். மியா மாமன் மகள். மூவருக்கும் ‘கிம் சிஸ்டர்ஸ்’ என்று பெயர். அம்மாள் கண்டிப்புக்காரர், காதல் கீதல் என்று பேச்சே கூடாது. இன்று கொரியாவின் பெரிய கம்பெனிகளும் சிறுவர் சிறுமியரை வருஷக்கணக்கில் ஆட்டி வைத்துத்தான் மேடையேற்றுகின்றன. அந்தக் கெடுபிடி எனக்குப் பிடிப்பதில்லை. இந்தத் தாயின் கெடுபிடியை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை.

1959-இல் மூவரும் அமெரிக்கா போனார்கள், லாஸ் வேகாஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பாட. நாலு வாரம் என்றுதான் ஒப்பந்தம். அப்புறம் தேசம் முழுவதும் பார்த்த எட் சல்லிவன் டெலிவிஷன் நிகழ்ச்சியில் இருபது தடவைக்கு மேல் தோன்றினார்கள். 1963-இல் தாயும் அதே மேடையில் பெண்களோடு நின்று இங்கிலீஷில் பாடினார். இரண்டு வருஷத்தில் காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, வீட்டுக்காரரின் கேள்வி என்னைச் சுடுவதில்லை. என் பெண் கொரியாப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கிறாள். அந்தக் காகிதம் சமையலறை அலமாரியில் ஒட்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டை முழுக்கப் பாடிக் காட்டினேன்.

“இரண்டே இடத்தில்தான் தப்பு அம்மா” என்றாள்.

“அப்படியானால் எடு வாழைப்பழத்தை” என்றேன்.