வீடு விற்கும்போது மனமும் விலை பேசலாமா?

பிதிரார்ஜிதமாக வந்த வீட்டை விற்பதென்று குடும்பத்தார் கூடித் தீர்மானித்த பிறகும், நம் மனம் லேசில் அதைக் கைவிடுவதில்லை. திண்ணையும் ரேழியும் முற்றமும் உள்ள பழைய வீடானால் கேட்கவே வேண்டாம். பார்க்க வருகிறவரோ சுவரைத் தட்டுகிறார். உத்தரத்தில் கறையான் உண்டா என்று விசாரிக்கிறார். "இடித்துவிட்டுத்தான் கட்டவேண்டும்" என்று நம் காதில் விழும்படியே சொல்கிறார். உடனே நமக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவர் நம் தகப்பனாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செங்கலையும் காரையையும் பற்றித்தான் சொன்னார்!

தன் கையிலுள்ள பொருளை அதிகமாக மதிப்பது மனித சுபாவம். டேனியல் கானமன் முதலிய மூன்று அறிஞர்கள் 1990-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், மாணவர்கள் சிலருக்குக் காப்பிக் குவளைகளை இனாமாகக் கொடுத்து விலை கேட்டுப் பார்த்தார்கள். குவளை பெற்றவர்கள் சொன்ன விலை, பெறாதவர்கள் தரச் சம்மதித்ததைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று நேரம் கையிலிருந்த குவளைக்கே இவ்வளவு மோகமென்றால், நம் குழந்தைகளுக்குத் தூளி கட்டிய உத்தரத்துக்கு என்ன விலை சொல்லமாட்டோம்?

ஆனால் பாசம் விலையை ஏற்றுவதோடு நிற்பதில்லை. வேறொருவர் வருகிறார். கொல்லை மாமரத்தை அண்ணாந்து பார்த்து, "இப்படி லக்ஷ்மீகரமான வீட்டை இடிக்க யாருக்கு மனம் வரும்!" என்கிறார். நாம் உருகிப்போய், முன்னவருக்குக் குறைக்க மறுத்ததைவிட அதிகமாகவே இவருக்குக் குறைத்துவிடுகிறோம். நமது அபிப்பிராயத்தில், இருவரில் இவரிடந்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். இவர் பொய்யர் என்பதல்ல. கிரயப் பத்திரத்தில் மாமரத்தைப் பற்றி ஒரு வரியும் இராது. பதிவான மறுநாள் அவர் மனம் மாறினால், கோடரியைத் தடுக்க நமக்கு யாதொரு பாத்தியதையும் கிடையாது.

ஆகையால் பாசத்துக்குரியவற்றை முன்கூட்டியே பிரித்துவிடுவது நலம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, வேறு ஏற்பாடு இல்லையென்றால், பூட்டு, சாவி, கதவு, ஜன்னல் முதலாக நிரந்தர உபயோகத்துக்கு அமைந்த சாமான்கள் யாவும் வீட்டோடு வாங்குபவரைச் சேர்ந்துவிடும். பாட்டனார் செய்வித்த வாசற்கதவோ ஊஞ்சலோ வேண்டுமானால், விலை பேசும்போதே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அச்சாரம் வாங்கிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பது அழகல்ல. அதே தெருவில் சமீபத்தில் என்ன கிரயம் நடந்தது என்று விசாரித்து, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்ற தொகையைக் காகிதத்தில் குறித்துக்கொள்வதும் உசிதம். பேரம் பேச, அந்த வீட்டில் பிறக்காத மாப்பிள்ளையையோ மருமகளையோ அனுப்பலாம்.

கையெழுத்து விஷயம் ஒன்று பாக்கி. ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ல் செய்த திருத்தத்தின்படி, பிதிரார்ஜிதச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்குச் சமமான பாகம் உண்டு. புக்ககம் போன சகோதரியிடம் பத்திரத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா" என்று அவசரப்படுத்தும் தமையன்மாரைக் காண்கிறோம். அவளுக்கும் அது பிறந்த வீடு. அவள் பாகம் இவ்வளவு என்று கணக்குச் சொல்லிவிட்டு, பதிவுக்கு முன் ஒருநாள் அவளை வரவழைத்துக் காலியான கூடத்தில் சற்று உட்கார வைக்கட்டும். அழவேண்டியிருந்தால் அன்றைக்கே எல்லோருமாக அழுது தீர்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்குச் சௌகரியம் போதாது. அங்கே இப்போது கைரேகையோடு புகைப்படமும் எடுக்கிறார்கள்.